துலம்பென் கற்களும் ஒரு ஜோடி டைவிங் பூட்டியும்

பாலித் தீவின் வடகிழக்கில் இருக்கும் துலம்பென் கரையில் கால் புதைய மணல் கிடையாது. பார்க்கும் இடமெல்லாம் கல். எலுமிச்சை அளவில், தேங்காய் அளவில், சில இடங்களில் அம்மிக்குழவி அளவில், கறுப்பும் சாம்பலுமாக உருண்டு வழுவழுத்த எரிமலைக் கற்கள். பின்னால் அகுங் எரிமலை நிற்கிறது.

ஆனாலும் கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் டைவர்கள் அங்கே குவிவதற்குக் காரணம் லிபர்ட்டி கப்பல். 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணைப் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் அது. சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப்போகும் வழியில் தண்ணீர் ஏறிவிட்டதால் துலம்பென் கரையில் ஏற்றி விட்டார்கள். 21 வருடம் கரையிலேயே கிடந்தது. 1963-இல் அகுங் வெடித்தபோது நிலம் அதிர்ந்து கடலுக்குள் சரிந்தது. இன்று அதன் மேல்பகுதி சில மீட்டர் ஆழத்திலேயே தெரியும், அடிப்பகுதி 30 மீட்டர் வரை போகும். படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கிவிடலாம்.

அந்த நடைக்குத்தான் நான் தயாராகப் போகவில்லை.

முதல் பயணத்தில் என் காலில் இருந்தது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் பூட்டி, அதாவது நுரை ரப்பரால் ஆன டைவிங் காலணி. நீச்சல்குளத்திலும் மணல் கரையிலும் அது போதும். அதன் அடிப்பாகம் கெட்டியான காலுறை மாதிரிதான் இருக்கும். முதுகில் காற்றுச் சிலிண்டர், இடுப்பில் மூழ்குவதற்கான ஈயம், மற்ற சாமான்கள் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 25 கிலோ. அந்த எடையோடு ஒரு கல்லில் கால் வைத்தால் அதன் ஒவ்வொரு முனையும் உள்ளங்காலில் பதியும்.

முழங்கால் ஆழத்தில்தான் பெரிய சோதனை. அலை வரும்போது ஒன்றும் தெரியாது. உள்வாங்கும்போதோ, சாக்கிலிருந்து கொட்டைப்பாக்கைக் கொட்டுவதுபோல் கடகடவென்று சத்தம் கேட்கும். கால் கீழே இருக்கும் கற்கள் மொத்தமும் உருளும். என் வலது கால் இரண்டு கற்களுக்கு நடுவே இறங்கி, கணுக்கால் பிசகியது. கைடு சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து என்னை நிறுத்தினார். அந்த டைவை எப்படியோ முடித்தேன். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னை அடிக்கும்போதெல்லாம் வலி. மதிய டைவ் இல்லாமல் போயிற்று.

மதியம் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, சிலர் இரண்டு சிலிண்டர்களைக்கூட ஏற்றி, ரப்பர் செருப்போடு அதே கற்கள்மேல் நடந்து போனார்கள். ஒரு சிலிண்டரே 16 கிலோ இருக்கும். அவர்களைப் பார்த்து நாமும் செருப்போடு இறங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வருடக்கணக்கில் அந்தக் கற்களில் பழகிய கால். தவிர, அலைக்குள் இறங்கினால் செருப்பைக் கடல் முதலில் கொண்டுபோய்விடும்.

ஊர் திரும்பியதும் புது பூட்டி வாங்கக் கிளம்பினேன். எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை மில்லிமீட்டர் என்றுதான். அந்த எண் குளிருக்கானது, கல்லுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கல்லுக்கு முக்கியம் சோல். பூட்டிக்குள் ஒரு கையை விட்டு, இன்னொரு கைக் கட்டைவிரலால் சோலை வெளியிலிருந்து அழுத்திப் பாருங்கள். அந்த அழுத்தம் உள்ளே இருக்கும் விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தால், கல்லும் காலுக்குத் தெரியும். விரல் நுனியையும் குதிகாலையும் சுற்றி ரப்பர் ஏறியிருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் வரை உயரம் வேண்டும். உள்ளே குதிகால் வழுக்கக் கூடாது. நியோப்ரீன் தண்ணீரில் கொஞ்சம் இளகும் என்பதால், கடையில் சரியாகப் பிடிப்பது போதும், தாராளமாக இருக்கக் கூடாது. விரல்கள் மடங்கும் அளவுக்கு இறுகினாலும் ஆகாது, தசைப்பிடிப்பு வந்துவிடும்.

அப்புறம், கடைக்கு உங்கள் ஃபின்னையும் எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஜோடியின் சோல் தடிமனாக இருந்ததால் என் ஃபின்னுக்குள் பாதிதான் நுழைந்தது. மனசில்லாமல் வைத்துவிட்டு, அதைவிடச் சற்று மெல்லிய, ஆனால் விறைப்பான சோல் உள்ளதை எடுத்தேன். 5 மில்லிமீட்டர், பக்கவாட்டில் ஜிப். பின்பக்கம் பட்டை வைத்த ஃபின் இருப்பவர்களுக்குத்தான் இது சரிவரும். முழுப் பாதமும் நுழையும் ஃபின் என்றால் வெறுங்காலோடு அல்லவா கல்லைக் கடக்க வேண்டியிருக்கும்!

அடுத்த முறை காலை ஆறு மணிக்கு இறங்கினேன். டைவிங் உடையான வெட்சூட்டின் கால்பகுதியை பூட்டிக்கு மேலே இழுத்துவிட்டேன், இல்லையென்றால் பொடிக்கல் உள்ளே புகுந்து கடிக்கும். ஃபின் கையில். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தேன். அலை உள்வாங்கியது, கற்கள் கடகடவென்று உருண்டன. நின்றேன். பூட்டிக்குக் கீழே அந்த உருளல் வெறும் அதிர்வாக மட்டும் தெரிந்தது. மார்பளவு தண்ணீர் வந்ததும் கைடின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் நின்று ஃபின்னை மாட்டினேன். குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. சரிவின் கீழே கப்பல் கறுப்பாகத் தெரிந்தது.