சுவருக்குப் பின்னால் இருப்பதுதான் வேலை

சரிவில் மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் சாய்ந்தால் எல்லாரும் சுவரைத்தான் குறை சொல்வார்கள். கான்கிரீட் சரியில்லை, கம்பி போதவில்லை, பழைய சுவர்தானே என்று பேச்சு போகும். சிங்கப்பூரில் சரிவு வேலைகளில் தள மேற்பார்வையாளராகப் பல வருடம் நின்றிருக்கிறேன். நான் பார்த்த சாய்ந்த சுவர்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளியது மண் இல்லை, தண்ணீர்.

கணக்குப் போட்டால் உடனே புரியும். 3 மீட்டர் உயரச் சுவர், பின்னால் சாதாரண மண், தண்ணீர் ஒழுங்காக வடிகிறது என்றால் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் மண் ஏறக்குறைய 2.7 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை தண்ணீர் தேங்கிவிட்டால் அது 5.5 டன்னைத் தாண்டிவிடும். சுவர் அதே சுவர், மண்ணும் அதே மண், பாரம் மட்டும் இரண்டு மடங்கு.

நான் சொல்ல வந்த வேலை ஒரு நீர்த்தேக்கத்தை ஒட்டிய செங்குத்தான சரிவில் நடந்தது. படிப்படியாக இறங்கும் பழைய சுவர்களை உடைத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். மெக்ரிச்சி, பியர்ஸ் நீர்த்தேக்கங்களின் பக்கமெல்லாம் கருங்கல் பாறை மக்கி உண்டான சிவப்பு மண். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், அதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். மண்துகள்களுக்கு இடையே இருக்கும் கொஞ்ச ஈரத்தின் இழுவிசைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. பெருமழையில் நீர் உள்ளே இறங்கினால் அந்தப் பிடி போய்விடும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை, அந்த மாதங்களில் இங்கே திறந்து கிடக்கும் சரிவை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

அனுமதிகளைப் பற்றிப் புலம்பாத குத்தகையாளர் கிடையாது. கட்டமைப்பு வரைபடத்துக்குக் கட்டட, கட்டுமான ஆணையம். மரப் பாதுகாப்புப் பகுதியாக இருந்தால், அடிமரச் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்தில் கைவைக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதல். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் தளத்திலேயே பெர்மிட். 2004 ஏப்ரல் 20ல் நிக்கல் நெடுஞ்சாலையில் சுரங்கத் தோண்டல் இடிந்து 4 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் இந்த ஊரில் தோண்டுகிற வேலைக்கான விதிகள் இறுகிப்போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

எங்களை அதிகம் கட்டுப்படுத்தியது சேற்றுநீர் விதி. தளத்திலிருந்து வடிகாலுக்குப் போகும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண் இருக்கக் கூடாது. கீழே இருப்பது நாம் குடிக்கும் தண்ணீர், அதனால் இதில் பேரம் பேச எதுவும் இல்லை. இந்த ஒரு விதியே எங்கள் வேலைமுறை முழுவதையும் தீர்மானித்தது என்று சொல்லலாம்: சரிவை மொத்தமாகத் திறக்காமல் சில மீட்டர் நீளமுள்ள துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத் திறப்பது, வெட்டிய மண்ணை மேலே குவிக்காமல் அன்றைக்கே வெளியேற்றுவது, மாலையில் வீட்டுக்குப் போகும் முன் திறந்த இடத்தையெல்லாம் கேன்வாஸ் போட்டு மூடுவது. தண்ணீர் கலங்கக் கூடாது என்று செய்ததுதான் சரிவையும் காப்பாற்றியது.

பழைய சுவரை முதல் துண்டில் உடைத்தபோது பின்னால் என்ன இருந்தது தெரியுமா? உடைந்த ஓடு, செங்கல் துண்டு, களிமண். முகப்பில் வடிதுளைகள் வரிசையாக இருந்தன, ஆனால் அந்தக் குழாய்கள் பின்பக்கம் நேராகக் களிமண்ணுக்குள் முடிந்தன. தண்ணீர் வடிந்து இறங்கக் கல் அடுக்கும் இல்லை, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணியும் இல்லை. ஒரு குழாய்க்குள் வேர் திரி மாதிரி நுழைந்து முழுக்க அடைத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்து ஒருவராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அதனால் புதுச் சுவரில் எனக்கு முக்கியமான நாள் கான்கிரீட் ஊற்றும் நாள் இல்லை, பின்புறம் நிரப்பும் நாள். எங்கள் குழுவில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார், வயதில் என்னைவிட மூத்தவர். கல் லோடு வந்தால் அவர் முதலில் ஒரு வாளியில் கொஞ்சம் கல்லை அள்ளித் தண்ணீர் ஊற்றிக் கையால் அலசுவார். அப்படி ஒரு நாள் அலசியபோது தண்ணீர் சாம்பல் நிறத்தில் கெட்டியாக நின்றது. "சார், இதுல பாதி தூசு. இதைப் போட்டா ரெண்டு மழையில துணி அடைச்சுக்கும்" என்றார். "சரிண்ணே, இறக்க வேண்டாம்" என்று லோடைத் திருப்பி அனுப்பினோம். எந்தப் படிவத்திலும் அந்த வாளிச் சோதனைக்குக் கட்டம் கிடையாது. ஆனால் நான் கையெழுத்துப் போட்ட படிவங்கள் பலவற்றைவிட அந்த வாளியை நம்புகிறேன். வடிதுணியின் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தையும் அவர் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார், இடைவெளி இருந்தால் பிரித்துப் போடச் சொல்வார்.

இன்னொரு துண்டில் குழாய் வைத்தாகிவிட்டது, துணி இன்னும் போட்டு முடியவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழைக்கு முன்னாடி மண்ணைப் போட்டு மூடிடலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று குத்தகையாளர் தரப்பில் நெருக்கினார்கள். நாளைக்கு எதைப் பார்ப்பது? மண் போட்ட பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திடும்வரை மூடக் கூடாது என்று ஒப்புக்கொண்ட ஆய்வுத் திட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன், கேன்வாஸ் போட்டோம், மழை கொட்டித் தீர்த்தது, வேலை தள்ளிப்போனது, கோபித்துக்கொண்டார்கள். அந்தத் தாள் இல்லாமல் என் பேச்சை மட்டும் வைத்து அன்றைக்கு நிறுத்தியிருக்க முடியாது. அனுமதியும் ஆய்வும் தேவை என்று நான் வாதாடுவது இதற்காகத்தான்: அவசரப்படுகிற கையைத் தடுக்க, சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒருவனுக்குப் பிடிமானம் வேண்டும்.

நிரப்பும்போதும் பொறுமை வேண்டும். 20 சென்டிமீட்டர் அளவில் அடுக்கடுக்காகப் போட்டு, சுவரை ஒட்டிய பகுதியில் கையால் தள்ளும் சின்ன இயந்திரத்தை மட்டும் ஓட்ட வேண்டும். கனமான உருளையைச் சுவர் ஓரம் கொண்டுபோனால், கட்டி முடிக்கும் முன்பே நாமே அதை வெளியே தள்ளிவிடுவோம்.

நீரோரச் சரிவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீர்மட்டம் வேகமாக இறங்கினால் வெளியே தாங்கிக்கொண்டிருந்த நீர் போய்விடும், கரைக்குள் இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் வடியாது, உள்ளிருந்து தள்ளும். அதனால் அடிச்சுவரில் வடிகல்லின் அகலத்தைக் குறைக்கச் சொல்லி வந்த யோசனையைப் பொறியாளர் ஏற்கவில்லை. செலவு கூடியது, கூடட்டும்.

ஒப்படைக்கும்போது நாங்கள் கேட்டு வாங்கிய ஒரு விஷயம், ஒவ்வொரு வடிகுழாயின் முனையிலும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ மூடியோடு ஒரு திறப்பு. அவை எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்து, பராமரிப்பவர்களைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றையும் அவர்கள் கையாலேயே திறக்க வைத்தோம். ஒரு மூடி இறுகியிருந்தது, அதை அன்றைக்கே மாற்றிக் கொடுத்தோம்.