ரிமோட் டெஸ்க்டாப்பில் திரை இடம் மாறி வந்தால்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் வீட்டில் லேப்டாப்புடன் இரண்டு மானிட்டர்களை இணைத்து, ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திருவனந்தபுரத்து அலுவலகக் கணினியில் வேலை பார்ப்பவர்களுக்குச் சாரல் மாதங்களில் இந்தத் தொல்லை அதிகம். கரண்ட் போய் வந்ததும் அலுவலகத் திரை லேப்டாப்பிலும் ஒரு மானிட்டரிலும் வந்து நிற்கும். இன்னொரு மானிட்டர் சும்மா கிடக்கும். அலுவலகக் கணினியில் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நாங்கள் சரிசெய்து கொடுத்தவற்றில் பெரும்பாலும் கோளாறு வீட்டுப் பக்கமே.

லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், மானிட்டர்கள் அணைந்துவிடும். மீண்டும் உயிர் வரும்போது விண்டோஸ் அவற்றுக்கு வேறு எண் கொடுத்துவிடலாம். ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ஆர்டிபி (.rdp) கோப்பிலோ பழைய எண்தான் இருக்கும்.

விண்டோஸ்+ஆர் அழுத்தி 'எம்எஸ்டிஎஸ்சி /எல்' (mstsc /l) கொடுங்கள். ஒவ்வொரு மானிட்டரின் எண்ணும், அளவும், அது நிற்கும் இடமும் சிறு பெட்டியில் வரும். 0, 0 என்று தொடங்குவது முதன்மைத் திரை. டிஸ்பிளே செட்டிங்ஸ் காட்டும் 1, 2, 3-ஐ நம்பிவிடாதீர்கள். அது வேறு கணக்கு. பலரும் வழுக்குவது இங்கேதான். பிறகு ஆர்டிபி கோப்பை நோட்பேடில் திறந்து 'யூஸ் மல்டிமான்:ஐ:1' (use multimon:i:1) இருக்கிறதா என்று பார்த்து, 'செலக்டட்மானிட்டர்ஸ்:எஸ்:1,2' (selectedmonitors:s:1,2) என்ற வரியில் உங்களுக்கு வேண்டிய மானிட்டர்களின் எண்களை இடுங்கள். முதலில் எழுதும் எண்ணே அலுவலகத் திரையின் முதன்மை. இணைப்பைத் துண்டித்து மறுபடி சேர்ந்தால்தான் மாற்றம் தெரியும்.

எண் சரியாக இருந்தும் வரவில்லையா? தேர்ந்தெடுத்த மானிட்டர்கள் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும். டிஸ்பிளே செட்டிங்ஸில் லேப்டாப் திரை நடுவே நின்றால் ஓரத்துக்கு இழுத்துவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், அலுவலகக் கணினியின் குரூப் பாலிசியில் (விண்டோஸின் கட்டுப்பாட்டு விதிகள்) 'லிமிட் நம்பர் ஆஃப் மானிட்டர்ஸ்' 1 என்று இருக்கிறதா என அட்மினிடம் கேளுங்கள்.

லேப்டாப் 150 சதவீதம், மானிட்டர் 100 சதவீதம் என்று ஸ்கேலிங் (எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு) வேறுபட்டால் எழுத்து மங்கும். இரண்டையும் ஒன்றாக்கி, அலுவலகக் கணினியில் சைன் அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். வெறுமனே துண்டித்தால் பல மென்பொருள்களில் பழைய அளவே நிற்கும்.

திரை கறுத்தால் முதலில் கண்ட்ரோல்+ஆல்ட்+பிரேக். மழையில் இணைப்பு தடுமாறி அடிக்கடி உறைந்தால், வீட்டுக் கணினியின் குரூப் பாலிசியில் 'டர்ன் ஆஃப் யுடிபி ஆன் கிளையன்ட்' என்பதை இயக்கிப் பாருங்கள் (யுடிபி என்பது தரவு அனுப்பும் ஒரு முறை; இது அதை நிறுத்திவிடும்). விண்டோஸ் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் வராது. அங்கே ரெஜிஸ்ட்ரி வழியாகத்தான் மாற்ற வேண்டும்.