ஒக்டோபர் மாதப் பாடம்

"அம்மா, இந்த இலையை எல்லாம் பறிக்காமல் ஏன் கீழே விட்டிருக்கிறார்கள்?"

வெளிநாட்டுப் பாடத்திட்டத்தின் ஒக்டோபர் மாதத் தாளைப் பார்த்து மகள் கேட்டாள். தலைப்பு இலையுதிர் காலம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்கிறவளுக்கு இலை என்றால் கொழுந்து. அது கூடைக்குத்தான் போக வேண்டும்.

ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருந்தால்தான் பாடசாலையில் முதலாம் தரம். அதுவரை ஒரு வருடம் வீட்டிலேயே படிப்பு என்று தீர்மானித்திருக்கிறோம்.

அந்த வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் வாரத்துக்கு ஓர் எழுத்து. இருபத்தாறு எழுத்துக்காரர்களுக்கு அது சரி. நமக்கோ 247, முடிப்பதற்குள் பிள்ளை நான்காம் தரத்துக்குப் போய்விடுவாள்!

அதனால் அகர வரிசையை ஓரமாக வைத்துவிட்டு ட, ப, ம என்று தொடங்கப் போகிறேன். பெரும்பாலும் நேர்கோடுகள், சின்ன விரலுக்கு இலகு. புள்ளியையும் காட்டிவிட்டால் படம், பட்டம், மட்டம் என்று உடனே வாசிக்கலாம். 'அ'வின் சுழியோடு மல்லுக்கட்டி அழத் தேவையில்லை.

கணக்குக்குக் கொழுந்து நிறுக்கும் தராசு இருக்கிறது. சிங்களத்துக்குப் பக்கத்து வீட்டு நங்கி (சிங்களத்தில் தங்கை) இருக்கிறாள்.

மாமியாருக்குத்தான் மனம் ஆறவில்லை. "முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் இவள் எந்த இல்லத்துக்காக, எந்த அணிக்காக ஓடுவாள்?" என்கிறார்.

அதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் பதில் இல்லை.