உப்பும் மிளகும் கொண்டு புள்ளிருக்குவேளூருக்கு

அங்காரகனை வழிபட வரும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக, ஒரு வியாழக்கிழமை காலை மயிலாடுதுறையிலிருந்து பேருந்தேறி வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் சென்றேன். இதற்கு முன் நான்கு முறை, என் கணவரின் குடி நிற்க வேண்டுமென்று, அவரைக் கெஞ்சியோ மிரட்டியோ உடன் அழைத்துக்கொண்டு இத்தலத்துக்கு வந்திருக்கிறேன். தனியாக வந்தது இதுவே முதல் முறை. பேருந்தை விட்டு இறங்கியதும் நாடி சோதிடப் பலகைகள் கண்ணில் பட்டன; அவருடைய ஓலையில் என்னதான் எழுதியிருக்கிறதென்று கேட்டுப் பார்க்கும் பழைய ஆசை எட்டிப் பார்த்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

புள்ளாகிய சடாயுவும், இருக்கு வேதமும், வேளாகிய முருகனும், ஊராகிய சூரியனும் வழிபட்டதால் இத்தலம் புள்ளிருக்குவேளூர் ஆயிற்று. 4448 நோய்களைத் தீர்க்க வைத்தியநாதராக எழுந்தருளிய இறைவனுடன் தையல்நாயகி தைலம் ஏந்தி வந்தாள் என்பது தலவரலாறு. வைத்தியம் பார்ப்பவர் அவர். தைலம் ஏந்தி நிற்பவள் அவள். நானோ வீட்டில் வைத்தியரும் நானே என்று எண்ணி, அரிசிப் பானைக்குள் ஒளித்திருந்த பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன்; கணவரின் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்; வளையலை அடகு வைத்துக் கடனை அடைத்தேன்.

நான்காவது பயணம் முடிந்த கையோடு அவர் குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றே குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவு கைகள் நடுங்கின. சுவரில் எறும்பு ஊர்கிறதென்று சொல்லி, வெறும் சுவரைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். விடியற்காலையில் வலிப்பு வந்தது. உறவினர்கள் சாமி குற்றம் என்றார்கள். மருத்துவரோ, பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்த உடலுக்கு மது திடீரென்று நின்றால் நரம்புகள் இப்படிக் கொந்தளிப்பதுண்டு என்றும், அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும், மருத்துவக் கண்காணிப்பில் மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் கொடுத்தே நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் விளக்கினார். கயிற்றை அவிழ்க்கும்படி அவர் சொல்லவில்லை.

மருத்துவமனையில் இருந்த ஆலோசகர்தான் என்னைப் பார்த்து, "நீங்க தூங்கி எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்டிராத கேள்வி அது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே அல்-அனான் என்ற கூட்டங்கள் நடப்பதை அவர் வழியாகத்தான் அறிந்தேன். குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், தோழி ஒருவருடன் சேர்ந்து 1951இல் அமெரிக்காவில் தொடங்கியது அது. நம் சென்னையிலும், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய சிகிச்சை மையம் குடும்பத்தாருக்கும் சேர்த்தே பயிற்சி அளிக்கிறது. எங்கே போவதென்றே தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா அரசு உதவி எண்ணை அழைக்கலாம்.

நான் சென்ற முதல் கூட்டத்தில் ஏழு பெண்கள் இருந்தார்கள். நான் வாய் திறக்கத் தயங்குவதைக் கண்ட வயதான அம்மா ஒருவர், "மிச்சம் வச்ச பாட்டில்ல பேனாவால கோடு போட்டு அளந்து பாத்திருக்கியா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். அறை முழுவதும் சிரிப்பு எழுந்தது. எல்லோரும் கோடு போட்டவர்களே. இந்நோயை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அடக்க முடியாது, நம்மால் குணமாக்கவும் முடியாது என்பதை அங்கே சொல்லச் சொல்லக் கேட்டேன். முதலில் அது கைவிடச் சொல்லும் பேச்சாகவே எனக்குப் பட்டது. சிகிச்சைக்குப் பின் ஏழு மாதம் குடிக்காமலிருந்து தீபாவளியன்று அவர் மீண்டும் குடித்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது. அன்று நான் கத்தவில்லை. அலுவலகத்துக்குப் பொய்யும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவராகவே மருத்துவரைத் தேடிச் சென்றார்.

சித்தாமிர்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டு, உப்பையும் மிளகையும் காணிக்கையாக இட்டு, சன்னிதிக்குள் நுழைந்தேன். "மந்திரமும் தந்திரமும் மருந்துமாகித் தீராநோய் தீர்த்தருள வல்லான்" என்று அப்பர் இப்பெருமானைப் பாடியிருக்கிறார். மருந்தும் அவனே என்றிருக்க, மாத்திரையை நம்பிக்கைக் குறைவென்று இத்தனை காலம் நான் எண்ணியது ஏனோ தெரியவில்லை.

அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார். நாக்கு நுனிவரை கணவரின் பெயர் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு என் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. "பரவாயில்லம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று அவர் தட்டோடு காத்து நின்றார்.