காற்றுக் கைத்துப்பாக்கி, 10 மீட்டர்: காலிலிருந்து விரல் வரை திருத்தியவை

புதிதாகக் குறிசுட வருபவர்களில் பெரும்பாலோர் கை ஆடுவதை நிறுத்தத்தான் பார்க்கிறார்கள். கை ஆடத்தான் செய்யும். புள்ளிகளைத் தின்பது மணிக்கட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: குறியட்டையின் நடுவிலுள்ள 10ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஈயக் குண்டு 4.5 மி.மீ. குழல் நுனியில் இருக்கும் முன்குறியும் கண்பக்கம் இருக்கும் பின்குறியும் ஒரே நேரில் இருந்தால், கை மொத்தமாக 5 மி.மீ. தள்ளினாலும் 10 விழும். ஆனால் இரண்டு குறிகளுக்கும் நடுவே 350 மி.மீ. இருக்கும் துப்பாக்கியில், மணிக்கட்டு மடங்கி முன்குறி 1 மி.மீ. விலகினாலே அட்டையில் அது 28 மி.மீ. ஆகிவிடும். கிடைப்பது 7.

அதனால் மலேசியாவின் சுபாங் குறிசுடும் தளத்தில் நாங்கள் முதலில் கால்களைத்தான் சரிசெய்தோம். வலக்கைக்காரர் வலக்காலை முன்வைத்து, குறிக்குப் பக்கவாட்டாக, தோள் அகலத்துக்கு நிற்க வேண்டும். எடை இரண்டு காலிலும் சமம். இடக்கை கால்சட்டைப் பைக்குள். தலையைச் சாய்த்து முன்குறியையும் பின்குறியையும் தேடக்கூடாது. துப்பாக்கிதான் கண்ணுக்கு வர வேண்டும். ஓட்டச் சப்பாத்தின் மெத்தென்ற அடிப்பகுதி உடலை ஆட்டும். தட்டையான, மெல்லிய அடி உள்ளதே நல்லது.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியம். குண்டு போடாத துப்பாக்கியைக் குறியை நோக்கி உயர்த்தி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறக்க வேண்டும். குழல் எங்கே நிற்கிறதோ அதுதான் உடலின் இயல்பான திசை. இடப்பக்கம் விலகியிருந்தால் பின்காலை விரல்நுனிப் பக்கமாக நகர்த்த வேண்டும். வலப்பக்கம் என்றால் குதிகால் பக்கமாக. குறியில் 30 செ.மீ. விலகலுக்குக் கால் 1 செ.மீ. சொச்சம் நகர்ந்தால் போதும். இதைச் செய்யாமல் கையால் இழுத்துத் திருத்தினால், விசை விழும் நேரத்தில் தசை தளர்ந்து குழல் பழைய இடத்துக்கே போய்விடும். சரியான இடம் கிடைத்ததும் பாத ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்தோம். சுடும் தொடரின் நடுவே நகர்ந்தாலும் திரும்ப நிற்க அது உதவியது.

கண் முன்குறியில்தான் இருக்க வேண்டும். அட்டை நடுவிலுள்ள கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும். பின்குறியின் பிளவுக்குள் முன்குறியின் இருபுறமும் ஒளி ஒரே அளவு, இரண்டின் மேல்விளிம்புகளும் ஒரே மட்டம். கறுப்புக்குக் கீழே சிறு வெள்ளை இடைவெளி விட்டே குறிவைக்கிறோம். முன்குறி கறுப்புக்குள் புகுந்தால் அதன் விளிம்பு தெரியாது.

விசைக்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவை என்பது போட்டி விதி. அதில் பெரும்பகுதியை முதல் கட்டத்திலேயே, துப்பாக்கி குறிக்கு இறங்கி வரும்போதே, எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை விரல் மட்டும் நேர்ப்பின்னாக அழுத்த வேண்டும். கை முழுவதும் சேர்ந்து இறுகினால் வலக்கைக்காரருக்குக் குண்டுகள் இடது கீழ்ப்புறம் குவியும். அங்கே குவிந்தால் பின்குறியின் திருகைத் தொடாதீர்கள், கைப்பிடியைப் பாருங்கள். நேராகக் கீழே இறங்கினால், சத்தத்தை எதிர்பார்த்து மணிக்கட்டு முந்திக்கொள்கிறது. குறி நிலைத்தபின் 8 வினாடிக்குள் விசை விழவில்லையா? கையை இறக்கிவிட வேண்டும். பிடித்துவைத்துச் சுடும் குண்டு பெரும்பாலும் வீண். சுட்டபின் இரண்டு வினாடி அப்படியே நில்லுங்கள்.

வட்டமே இல்லாத வெள்ளை அட்டையில் ஐந்தைந்து குண்டுகளாகச் சுட்ட பிறகுதான் குவியல் கண்கூடாகச் சுருங்கியது. பார்க்க வேறொன்றும் இல்லாததால் கண் முன்குறியை விட்டு ஓடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கும். ஒவ்வொரு தொடருக்கும் முன் துடைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் காற்றுத் துப்பாக்கியும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருவதால், உரிமம் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல் போதும். எடை ஏறக்குறைய துப்பாக்கி அளவுதான். தோள் உயரத்துக்குத் தூக்கி, பத்து வினாடி நிறுத்தி, இறக்கி, அரை நிமிடம் ஓய்வு. தோள் நடுங்கத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.