இயற்கை வேளாண்மை ஊக்கத்தொகை: பட்டாவில் தொடங்கி மடைவாயில் முடிந்த அலைச்சல்

காட்டுமன்னார்கோயில் அருகே வீராணம் பாசனத்தில் இருக்கும் எங்கள் நன்செய்க்கு, இயற்கை வேளாண்மைக்கான மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டத்தின் ஊக்கத்தொகை ஒருவழியாக வந்து சேர்ந்தது. இத்திட்டத்தில் ஹெக்டேருக்கு மூன்றாண்டுகளில் 31,500 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அதில் 15,000 ரூபாய் இடுபொருளுக்காக விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வரும்.

திட்டத்துக்கான விவசாயிகள் குழுவில் சேர்ந்ததும் மண் மாதிரி கொடுத்ததும் எளிதாகவே முடிந்தன. பட்டா தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்ததால், "பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாங்க" என்று எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே திருப்பி அனுப்பினார். கையெழுத்துகளோடு போனபோது வாரிசுச் சான்று கேட்டார். அதையும் கொடுத்தபோது நடப்புப் பசலி (வருவாய் ஆண்டு) அடங்கல், அதாவது வயலில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு, இல்லை என்றார். என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.

உரக்கடையில் ஆதாரைக் காட்டி விரல் வைத்தால் 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைத்துவிடுகிறது. அந்த மானியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மண்ணைக் காப்பவனுக்கும் அதே எளிமை வேண்டும் என்கிறேன். ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலங்களுக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதியைத் தரும் பி.எம்.பிரணாம் திட்டத்துக்கு 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, உரத்தைக் குறைத்த உழவனின் கைக்கே நேராக வர வேண்டும்.

தாள்களைவிடப் பெரிய சிக்கல் தண்ணீரில் இருந்தது. குழு விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதிசெய்யும் பி.ஜி.எஸ். இயற்கை வேளாண் சான்றுக்காகச் சக விவசாயிகள் வயலைப் பார்வையிட்டபோது, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுத சேற்றைப் பார்த்து மகிழ்ந்த பெரியவர் ஒருவர், மடைவாயில் குனிந்து, "தம்பி, இது மேல்வயல்ல உரம் போட்டு வடியுற தண்ணி; இதை உள்ள பாய விட்டா குழுவுக்கே கேள்வி வரும்" என்றார். வயலுக்கு வயல் பாயும் எங்கள் பகுதியில் இது எல்லாருக்கும் உள்ள சிக்கல். ஆனால் படிவத்தில் இதற்குத் தீர்வோ, தனி வாய்க்காலுக்குப் பணமோ இல்லை. மேல்வயல் அண்ணனிடம் பேசியபோது, "என் வரப்போரமாவே வெட்டிக்கோ" என்று தன் நிலத்தில் ஒரு முழ அகலம் விட்டுக்கொடுத்தார். கிளை வாய்க்காலிலிருந்து தண்ணீர் நேராக வந்த பிறகே குழு கையெழுத்திட்டது.

சேர நினைப்பவர்கள் இந்தப் பேச்சைச் சம்பா நாற்று விடுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நடவு முடிந்த வயலில் வாய்க்கால் வெட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.