பாத் தாய் குழையாமல் வர

நூடுல்ஸை வேகவைக்காதீங்க. தாய்லாந்தின் வறுத்த அரிசி நூடுல்ஸான பாத் தாய், வீட்டில் செய்தால் களி மாதிரி ஆவதற்கு முக்கியக் காரணமே அதுதான். இரண்டு பேருக்கு 3 மி.மீ. அகல அரிசி நூடுல்ஸ் 120 கிராம், பச்சைத் தண்ணீரில் 40 நிமிடம் ஊறினால் போதும். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையணும், கடித்தால் நடுவில் விறைப்பு இருக்கணும். மீதி வேக்காடு சாஸில்.

சாஸுக்குக் கெட்டிப் புளிக்கரைசல் 3 மேசைக்கரண்டி, மீன் சாஸ் 2, தாய்லாந்துப் பனஞ்சர்க்கரை 3. கரையும்வரை சூடாக்கினால் போதும். பாட்டிலில் வரும் கறுப்புப் புளி பேஸ்ட் இதே அளவில் வேண்டாம், புளிப்பு தாங்காது. தாய்லாந்தின் பெட்சபுரியிலும் பதநீரைக் காய்ச்சித்தான் சர்க்கரை எடுக்கிறாங்க, ஆனால் அது வெளிர் நிறம். நம்ம கருப்பட்டி போட்டால் வாசம் தூக்கலாகிவிடும், வெல்லம் பரவாயில்லை.

ஒரு தடவைக்கு ஒரு ஆள் அளவுதான். வாணலி நிறைந்தால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, எல்லாம் ஒட்டிக்கொள்ளும். இறாலைப் புரட்டி எடுத்து வைங்க. அதே எண்ணெயில் சின்ன வெங்காயம், கெட்டி டோஃபு (சோயா பனீர்), உப்பில் ஊறிய முள்ளங்கி, காய்ந்த இறால். பிறகு நூடுல்ஸும் சாஸும், முழுத்தீயில். சாஸ் வற்றியும் விறைப்பாக இருந்தால் இரண்டு கரண்டி தண்ணீர் தெளிங்க. ஓரமாக ஒதுக்கி முட்டை உடைத்து ஊற்றி, பாதி இறுகியதும் கலக்கணும். முன்னாடியே கலந்தால் நூடுல்ஸ் பிசுபிசுக்கும்.

இறாலைத் திரும்பப் போட்டு, முளைப்பயறு, பூண்டுத்தாள் (பூண்டு வாசமுள்ள கீரை, garlic chives) சேர்த்த உடனே அடுப்பை அணைச்சிடுங்க. மேலே பொடித்த வறுத்த வேர்க்கடலை, மிளகாய்த்தூள், எலுமிச்சைத் துண்டு.